மனிதரை அறியும் கல்வி நமக்கு ஆகாதா?

பாறையை அறிந்தவர் உண்டு. பயிரை அறிந்தவர் உண்டு. விண்மீன்களின் தொலைவை அளந்து சொல்பவரும் உண்டு. அடுத்த தெருவில் வாழும் மனிதரை அறிந்தவர் நம்முள் எத்தனை பேர்? இவ்வினாவை நம் சமுதாயத்தார் முன் நாம் வைக்கிறோம்.

பண்பாட்டு மானிடவியல் என்றொரு கல்வித்துறை இருக்கிறது. மனிதர் எவ்வாறு மணமுடிக்கின்றனர், எவரை உறவென்றும் எவரை அயலென்றும் கொள்கின்றனர், எதனை உண்கின்றனர், எதனை விலக்குகின்றனர், பிறப்பையும் இறப்பையும் எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பனவற்றை அவர்களோடு தங்கி, அவர்கள் மொழியிலேயே கேட்டு, ஒழுங்குபட எழுதும் கல்வி அது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனித்துறை உண்டு. தமிழில் இதனைக் கற்க விரும்புவோர்க்கு பக்தவத்சல பாரதியின் ‘பண்பாட்டு மானிடவியல்’ என்னும் நூல் 1990 முதல் கிடைத்து வருகிறது. ஆயினும் நம் பிள்ளைகளுள் ஒருவர் இத்துறையைப் படிக்க விரும்புவதாகச் சொன்னால் வீட்டில் எழும் பேச்சு யாது?

‘அது சோறு போடாத படிப்பு’ என்பது முதற்பேச்சு. ‘வெள்ளைக்காரன் நம்மை அளந்து ஆள்வதற்குக் கொண்டுவந்த கோல் அது’ என்பது சற்றே படித்தவர் பேச்சு. ‘எல்லா வழக்கமும் ஒன்றே என்று சொல்லி ஈமானைக் கெடுத்துவிடும்’ என்பது மார்க்கப்பற்றுடையோர் பேச்சு. மூன்றையும் நாம் மறுக்கிறோம். மறுப்பதோடு நில்லாமல், இக்கல்வியைப் புறக்கணிப்பதால் நம் சமுதாயம் அடையும் இழப்பு பெரிதென்றும் உரைக்கிறோம்.

மலையை அளந்தனர், மனிதரை?

தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்தை இன்று நாடறியும். போடி மேற்கு மலைகளின் அடிவாரத்திலுள்ள அச்சிற்றூர், நியூட்ரினோ ஆய்வுக்கூடத் திட்டத்தால் பெயர் பெற்றது. நீலகிரியில் சிங்காரா என்னுமிடத்தில் அதனை அமைக்க 2009இல் அனுமதி மறுக்கப்பட்டதன் பின்னர் இம்மலை தேர்ந்தெடுக்கப்பட்டது. மலையைக் குடைந்து சுமார் 2 கிலோமீட்டர் நீளத்தில் சுரங்கம். அதன்மேல் 1,000 மீட்டருக்குக் குறையாத பாறைக் கவசம். உள்ளே சுமார் 50,000 டன் எடையுள்ள காந்தமேற்றிய இரும்புக் கருவி. 2015 சனவரியில் மத்திய அமைச்சரவை இசைவளித்தபோது சொல்லப்பட்ட செலவு சுமார் 1,500 கோடி ரூபாய். 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018இல் அனுமதி மீண்டும் வழங்கப்பட்டது. 2022இல் தமிழ்நாடு அரசு, இத்திட்டத்தை இவ்விடத்தில் அனுமதிக்க இயலாதென்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்துவிட்டது.

நியூட்ரினோவின் இயல்பைப் பற்றித் தீர்ப்புரைக்க நாம் வரவில்லை; அது பௌதிக அறிஞர் துறை. எம் வினா வேறு. இத்தனை ஆண்டுகள் நடந்த வாதத்தில் பாறையின் உறுதி பேசப்பட்டது, வெடிமருந்தின் அளவு பேசப்பட்டது, நீரூற்று பேசப்பட்டது, புலியின் வழித்தடம் பேசப்பட்டது. இவையனைத்தும் பேசப்பட வேண்டியவையே. ஆனால், அறிவியலார் பாறைக் கவசம் என்று கண்டதை ஊரார் அம்பரப்பர் மலை என்று பெயர் சொல்லி அழைக்கின்றனரே, அப்பெயருக்குப் பின்னால் உள்ள உறவு யாது? மேய்ச்சலுக்கும் விறகுக்கும் நீருக்கும் அம்மலையை நம்பி வாழ்வோர், எது தமக்கு உரிமை, எது பொது என்று எவ்வாறு வகுத்துக் கொண்டுள்ளனர்? ஒரு சாரார் ஊராரின் அச்சத்தை அறியாமை என்றனர். மறுசாரார் அறிவியலாரின் சொல்லைச் சூழ்ச்சி என்றனர். அச்சத்துக்கும் ஓர் இலக்கணம் உண்டு என்பதையும், ஐயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதையும் இரு சாரார்க்கும் எடுத்துரைக்கத் தகுந்த மூன்றாமவர் குரலை அவ்வாதத்தில் நாம் கேட்கவில்லை. அத்தகைய மூன்றாமவரை உருவாக்கும் கல்வியே மானிடவியல். கடைத்தெருவில் நடந்து செல்லும் நேரத்துக்குள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் காதில் விழும் போடியிலிருந்து அக்கல்விக்கு ஒரு முஸ்லிம் பிள்ளை ஏன் போகலாகாது?

அறிமுகமும் உளவும்

மார்க்கத்தின் பெயரால் இக்கல்வியை மறுப்போர்க்கு முதலில் விடை கூறுவோம். திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயமாகிய அல்ஹுஜுராத்தின் 13ஆம் வசனம், மக்கள் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டதற்குரிய நோக்கத்தைச் சொல்கிறது. ஒருவரையொருவர் அறிந்துகொள்ளுதலே அந்நோக்கம். மேன்மை பிறப்பால் அன்று, இறையச்சத்தால் என்றும் அவ்வசனமே வரையறுக்கிறது. மேடைகளில் இதனைச் சமத்துவத்துக்குச் சான்றாக ஓதுகிறோம். அறிந்துகொள்ளுதல் என்னும் கட்டளையை ஓதிய கையோடு மறந்துவிடுகிறோம்.

அரபு கற்றோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவரையொருவர் அறிதல் ‘தஆருஃப்’. ஊர் வழக்கம் ‘உர்ஃப்’. நன்மையென்று எல்லாரும் அறிந்தது ‘மஃரூஃப்’. ஞானம் ‘மஃரிஃபத்’. நான்கும் ஒரே வேரிற் பிறந்த சொற்கள். மனிதரை அறிதலும், அவர்தம் வழக்கத்தை அறிதலும், நன்மையை அறிதலும், இறைவனை அறிதலும் ஒரு வேரிலிருந்து கிளைத்தெழும் ஒரு மொழியை வேதமொழியாகப் பெற்ற சமுதாயம், மனிதரை அறியும் கல்வி தனக்கு வேண்டாமென்று சொல்வது பொருந்துமா?

அதே அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்களையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்தல் அங்கே விலக்கப்படுகிறது. பட்டப்பெயர் சூட்டுதல் விலக்கப்படுகிறது. தீய எண்ணம் கொள்ளுதலும், துருவி உளவறிதலும், புறம் பேசுதலும் விலக்கப்படுகின்றன. உளவறிதலுக்கு அரபுச் சொல் ‘தஜஸ்ஸுஸ்’. பன்னிரண்டாம் வசனத்தில் தஜஸ்ஸுஸ் தடுக்கப்பட்டு, பதின்மூன்றாம் வசனத்தில் தஆருஃப் நோக்கமாக்கப்படுகிறது. இரண்டும் பிறரைப் பற்றிய அறிவே. எனினும் ஒன்று ஹராம். மற்றொன்று நாம் படைக்கப்பட்ட நோக்கத்தைச் சார்ந்தது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள எல்லையைக் காப்பதே இக்கல்வியின் ஒழுக்கம் என்போம். மானிடவியலார் இன்று தம் மாணவர்க்குக் கற்பிக்கும் கள ஒழுக்கம், அதாவது இசைவு பெற்றே கேட்டல், இழிவுபடுத்தாது எழுதுதல், சொன்னவர்க்குத் தீங்கு வராது காத்தல் என்பவை, அவ்விரு வசனங்களுக்கு அயலானவை அல்ல.

அளவுகோலின் பாவம்

வெள்ளையர் கொணர்ந்த கோல் என்போர் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தார். அவரும் ரங்காச்சாரியும் சேர்ந்து 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் இலப்பையும் உண்டு, மரக்காயரும் உண்டு, மாப்பிள்ளையும் உண்டு, நம் மலைமீது வாழும் முதுவரும் உண்டு. அரிய செய்திகள் அவற்றில் நிறைந்துள்ளன. ஆனால் மூக்கின் அகலத்தால் மனிதரின் தரத்தை வகுக்கலாமென்ற எண்ணம் அறிவன்று, ஆணவம்.

அவ்வாணவம் ஏட்டோடு நின்றதுமில்லை. பிறப்பாலேயே ஒரு கூட்டத்தாரைக் குற்றவாளிகளென்று பட்டியலிட்ட குற்றப்பழங்குடிச் சட்டம் 1871இல் வடநாட்டில் தொடங்கி, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டியைச் சூழ்ந்து வாழும் பிரமலைக் கள்ளர்மீது அது சுமத்தப்பட்டது. கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவல்துறையினர் சுட்டதில் 16 பேர் மாண்டனர். போடியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நாம் கடந்து போகும் நிலப்பகுதி அது. தஜஸ்ஸுஸ் அரசாணையாக மாறினால் என்ன விளையும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆனால் இதனைக் காட்டி அக்கல்வியையே விலக்குவோர் ஒன்றை மறக்கின்றனர். நில அளவைச் சங்கிலியும் வரி வாங்குவதற்காகவே இழுக்கப்பட்டது. இன்று நம் காணியைப் பிறர் கவராமல் காக்க நாம் நாடி ஓடுவதும் அச்சங்கிலி வரைந்த படத்தையே. அளவுகோலைப் பிடித்த கை தீயதாயின் கையை மாற்ற வேண்டும். கோலை எறிந்துவிட்டால் நம் எல்லையைப் பிறர் வகுப்பர்.

அவ்வாறே நடந்தும் இருக்கிறது. பிரமலைக் கள்ளரிடையே 1949-50இல் தங்கி ஆய்ந்தவர் பிரெஞ்சு அறிஞர் லூயி துமோன். அவர் நூல் 1957இல் வெளிவந்தது. பல்லாவரத்துத் தமிழ் முஸ்லிம் வணிகரைப் பற்றி 1972இல் நூல் எழுதியவர் அமெரிக்கரான மாட்டிசன் மைன்ஸ். நம் கம்பம் பள்ளத்தாக்கின் மக்களைப் பற்றி 2009இல் ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டவர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் ஆனந்த் பாண்டியன். இவர்களுடைய உழைப்பை நாம் மதிக்கிறோம். கடல் கடந்து வந்து, நம் மொழி கற்று, நம் திண்ணையில் அமர்ந்து கேட்டவர்களைக் குறை கூறுவது நன்றியன்று. நம் குறை நம்மீதே. நம் பாட்டனாரின் வணிக ஒழுக்கத்தைப் பேரன் அறிய வேண்டுமாயின் ஆங்கில நூலை நாட வேண்டியிருக்கிறதே, அதற்கு வெட்கப்பட வேண்டியவர் யார்?

இத்துறைக்குள்ளிருந்தே இத்துறையின் குற்றத்தைத் துணிந்து காட்டியவர்களுள் முதன்மையான ஒருவர் முஸ்லிம் என்பதையும் நம்மவர் அறிய வேண்டும். மானிடவியலுக்கும் காலனி ஆட்சிக்கும் இருந்த பிணைப்பை ஆராயும் கட்டுரைகளை 1973இல் தொகுத்து வெளியிட்டவர் தலால் அசத். திருக்குர்ஆனுக்கு ஆங்கிலத்தில் மொழியாக்கமும் விளக்கமும் தந்த முஹம்மது அசத் அவர்களின் மைந்தர் அவர். இஸ்லாத்தை ஆராய்வோர், முஸ்லிம்கள் தாமே தொடங்கும் இடமாகிய குர்ஆனிலிருந்தும் ஹதீஸிலிருந்தும் தொடங்க வேண்டுமென்று 1986இல் அவர் முன்வைத்த வாதம், உலகப் பல்கலைக்கழகங்களில் இன்றும் கற்பிக்கப்படுகிறது. துறைக்கு வெளியே நின்று வசைபாடியிருந்தால் அவ்வாதம் எவர் செவியிலும் ஏறியிராது.

முன்னோர் வழி

மேலும், இக்கல்வி மேலைநாட்டார்க்கே உரியதென்று யார் சொன்னார்? அபூ ரைஹான் அல்பீரூனி, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், 1030இல் இந்திய நாட்டைப் பற்றிய தம் பெருநூலை முடித்தார். கஸ்னி மஹ்மூதின் படை சென்ற வழியில் வந்தவர் அவர். எனினும் அவர் கையில் எடுத்தது வடமொழி ஏடு. பிராமணப் பண்டிதரிடம் கேட்டறிந்தார். பதஞ்சலியின் யோக நூலை அரபியில் ஆக்கினார். தாம் ஏற்காத கொள்கைகளை, அவற்றைக் கொண்டவர் கூறும் முறையிலேயே எடுத்துரைத்தார். மறுப்பதற்காகத் திரித்துச் சொல்லும் பழக்கத்தை அவர் வெறுத்தார். மஹ்மூதின் படையெடுப்புகள் இந்நாட்டின் வளத்தை அழித்தன என்று எழுதவும் அவர் தயங்கவில்லை. அவர் ஈமான் குன்றியதாக எவரும் சொன்னதில்லை.

மதுரைக்கும் இம்மரபில் பங்குண்டு. பதினான்காம் நூற்றாண்டில் மதுரை சுல்தான்களின் அவைக்கு வந்த இப்னு பதூதா, அரசன் கியாதுத்தீன் தாமகானிக்குச் சகலை முறையினர். இருவர் மனைவியரும் உடன்பிறந்தோர். அவ்வுறவைக் கருதி அவர் தம் எழுத்தை மழுக்கவில்லை. சகலையின் கொடுமைகளைக் கண்டபடி பயண நூலில் பதிந்தார். 1377இல் தம் முன்னுரை நூலை எழுதிய இப்னு கல்தூன், கோத்திரப் பிணைப்பு எவ்வாறு அரசுகளை ஆக்கி அழிக்கிறது என்று காரண காரியத்தோடு ஆராய்ந்தார். இவர்கள் பெயரை நாம் விழா மேடைகளில் பெருமையோடு சொல்கிறோம். இவர்கள் செய்த வேலையை நம் பிள்ளை செய்யப் புகுந்தால் தடுக்கிறோம்.

நம் வீட்டுக்குள் உள்ள பாடம்

மானிடவியல் காட்டுவாசிகளைப் பற்றியது, நம்மைப் பற்றியதன்று என்பார் சிலர். அவர்கள் தம் வீட்டு நிக்காஹை எண்ணிப் பார்க்கட்டும். அரபு நாட்டில் தந்தையின் சகோதரர் மகளை மணத்தல் தொன்றுதொட்ட வழக்கம். ஷரீஅத்தும் அதை அனுமதிக்கிறது. ஆனால் நம்முள் பெரும்பாலான குடும்பங்கள் பெரியத்தா, சின்னத்தா மக்களை உடன்பிறந்தாராகவே கருதுகின்றன. மாமன் மகளையும் மாமி மகளையுமே முறைப்பெண் என்கின்றன. இது தமிழ்நாட்டு உறவுமுறை. அதே தமிழ்நாட்டில் பல சாதியார் அக்காள் மகளை மணப்பர். நாமோ அதனைத் தொடுவதில்லை, ஏனெனில் அது ஹராம். ஆக, அரபு வழக்கம் அனுமதித்த ஒன்றைத் தமிழ் மரபுக்காக விட்டோம். தமிழ் வழக்கம் அனுமதித்த ஒன்றை மார்க்கத்துக்காக விட்டோம். இவ்விரு விலக்குகளுக்கும் நடுவே நின்று ஒரு சமுதாயம் தன்னை அமைத்துக்கொண்ட விதம் எத்துணை நுட்பமானது! துமோன் பிரமலைக் கள்ளரிடம் கண்டு உலகுக்குரைத்ததும் இத்தகைய மாமன் மச்சான் உறவின் இலக்கணத்தைத்தான். நம் இலக்கணத்தை நாம் எழுதினோமா?

கைக்கூலியை எடுத்துக்கொள்வோம். அது மார்க்க விரோதம் என்று ஜும்ஆதோறும் உரைக்கிறோம். கொடுக்க வேண்டியவன் மணமகன். அவன் கொடுக்க வேண்டியது மஹர். இதை அறியாத முஸ்லிம் இல்லை. அறிந்தும் கைக்கூலி ஒழியவில்லை. ரொக்கம் என்ற பெயர் போனால் நகை என்ற பெயர் வருகிறது. நகை போனால் சீர் என்ற பெயர் வருகிறது. ஏன்? நோயின் வேரை ஆராயாமல் நோயாளியை மட்டும் அதட்டிக் கொண்டிருக்கிறோம். பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல், கொடை என்பது பெறுபவனைத் திருப்பிக் கொடுக்கக் கட்டாயப்படுத்தும் ஒரு பிணைப்பு என்று பல நாட்டு வழக்குகளைக் கொண்டு விளக்கினார். அவர் நூலைப் படியாத நம் ஊர்ப் பெரியவருக்கும் மொய் நோட்டைப் புரட்டினால் அது விளங்கும். எந்த வீட்டில் எவர் எவருக்கு என்ன கொடுத்தார், எந்தத் தலைமுறையில் அது கடனாயிற்று, எந்தத் தாய் தான் கொடுத்ததை மருமகளிடம் ஈடு செய்ய நினைக்கிறாள் என்று பொறுமையாகக் கேட்டு எழுதினால், பயானால் அசையாத பூட்டுக்குச் சாவி அகப்படலாம். மார்க்கச் சட்டம் தெரிந்தால் மட்டும் போதாது; அச்சட்டம் நுழைய மறுக்கும் வீட்டின் அமைப்பும் தெரிய வேண்டும்.

அறிவதும் ஏற்பதும்

‘எல்லா வழக்கமும் சரி என்றல்லவா அவர்கள் சொல்கிறார்கள்?’ என்று கேட்போர் உண்டு. ஒரு வழக்கத்தை அதனை உடையோரின் கண்கொண்டு முதலில் விளங்கிக்கொள் என்பதே இத்துறையின் முதல் விதி. விளங்கிக்கொண்டபின் நீ தீர்ப்பளிக்கவே கூடாதென்று முஸ்லிமை யாரும் கட்டிப்போட இயலாது. ஒரு கந்தூரியைப் பற்றி எழுதுகிறவர் அதனை ஆதரிப்பவர் ஆகிவிடமாட்டார்; நோயைப் பற்றி எழுதும் மருத்துவர் நோயை விரும்புபவர் ஆகிவிடமாட்டார். கேளாமல் தீர்ப்பளிப்பதே குற்றம். வாதியையும் பிரதிவாதியையும் கேளாத காழியின் தீர்ப்பு செல்லாது என்பதை நாம் ஓதியிருக்கிறோம் அல்லவா?

ஃபிக்ஹு கலையே வழக்கத்தை அறியாமல் நடவாது. வழக்கம் தீர்ப்புக்கு ஆதாரமாகும் என்பது அக்கலையின் ஐந்து பெருவிதிகளுள் ஒன்று. 1836இல் மறைந்த திமிஷ்க் நகரத்து ஹனபி அறிஞர் இப்னு ஆபிதீன், உர்ஃபைப் பற்றித் தனி நூலே இயற்றினார். கறி உண்ணமாட்டேன் என்று சத்தியம் செய்தவர் மீன் உண்டால் சத்தியம் முறியுமா என்பது மாணவர் அனைவரும் ஓதும் மஸ்அலா. திருக்குர்ஆன் மீனையும் இறைச்சி என்னும் சொல்லால் குறிக்கிறது. ஆயினும் மக்கள் பேச்சில் இறைச்சி என்றால் மீனைக் கருதுவதில்லை. ஆகவே சத்தியம் முறியாது என்றனர் ஃபுகஹாக்கள். இப்போது அச்சத்தியத்தைத் தமிழில் செய்தவரை எண்ணுங்கள். போடியில் கறி என்றால் ஆட்டிறைச்சி. இலங்கைத் தமிழர்க்கோ காய்கறியும் மரக்கறியே. ஒரே சொல், ஒரே மொழி, கடலின் இரு கரையில் இரு பொருள். ஊராரின் பேச்சறியாத முஃப்தி எவ்வாறு தீர்ப்பளிப்பார்? அரபுக் கல்லூரிகளில் உர்ஃப் என்னும் பாடத்தை நூலளவில் ஓதி முடிக்கிறோம். ஓதியபின் தெருவில் இறங்கி அதனைக் கேட்டறியும் பயிற்சி நம் பாடத்திட்டத்தில் இல்லை. இருத்தல் வேண்டும் என்கிறோம்.

மலைமேல் இருப்போர்

போடியில் வாழும் நாம் ஏலக்காயால் வாழ்கிறோம், அல்லது ஏலக்காயால் வாழ்வோரோடு வாழ்கிறோம். காயைச் சல்லடையிலிட்டு 8 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர் என்று தரம் பிரிக்கிறோம். நிறத்தைப் பார்த்து விலை சொல்கிறோம். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறிச் சென்று, நிழலடர்ந்த தோட்டத்தில் குனிந்து அக்காயைப் பறித்த பெண்ணின் ஊரும் பேரும் அறிவோமா? அவள் பிள்ளையை யாரிடம் விட்டு வந்தாள் என்று கேட்டோமா?

மலையின் உள்ளே வாழும் முதுவரை எடுத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து மலையேறியவர் தம் முன்னோர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. நாயக்கர்கள் போடிநாயக்கனூரைக் கைக்கொண்ட காலத்தில் மலையேறினர் என்றொரு வழக்கும் தர்ஸ்டன் நூலில் பதிவாகியிருக்கிறது. ஆக, போடியின் வரலாற்றில் ஒரு பகுதி மலைமீது ஒரு மக்களின் நாவில் இருக்கிறது. நாமோ அவர்களைத் தேனும் கிழங்கும் எடுப்போர் என்ற அளவில் நினைக்கிறோம். சுற்றுலா செல்வோர் வேடிக்கைப் பொருளாகப் படம் எடுக்கின்றனர். அது ஏளனம், 11ஆம் வசனம் விலக்கியது. புலம்பெயர்ந்த வரலாற்றை ஹிஜ்ரி ஆண்டாகவே கொண்டு காலத்தை எண்ணும் நாம், மற்றொரு மக்கள் தம் புலப்பெயர்ச்சியைச் சொல்லும்போது செவிகொடுக்கக் கடமைப்பட்டவர் அல்லவா?

சோறும் அதற்கு அப்பாலும்

இனி, சோற்றுக் கணக்குக்கும் விடை சொல்லிவிடுவோம். இந்திய ஆட்சிப் பணித் தேர்வில் விருப்பப் பாடமாக மானிடவியலைத் தேர்ந்தெடுக்கலாம். 1945இல் நிறுவப்பட்ட இந்திய மானிடவியல் மதிப்பாய்வு நிறுவனம் இன்றும் இயங்குகிறது. உதகையில் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. அருங்காட்சியகங்கள், பல்கலைக்கழகங்கள், மக்கள் நலத் திட்டங்களை ஆராயும் அமைப்புகள் இத்துறையினரை நாடுகின்றன. பெருஞ்செல்வம் வராது என்பது மெய். 1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவ்தியா கல்லூரி எழுந்தபோது, அதற்குப் பொருள் தந்த பெரியோர் அப்பொருளுக்கு வட்டி எதிர்பார்த்தா தந்தனர்? சமுதாயம் அறிவுபெற வேண்டுமென்பதே அவர்கள் கண்ட இலாபம். பத்துப் பிள்ளைகள் பொறியியலுக்குச் செல்லட்டும். ஒருவரையாவது மனிதரை அறிய அனுப்புங்கள்.

பல்கலைக்கழகம் செல்ல இயலாதோரும் இக்கல்வியை வீட்டிலேயே தொடங்கலாம். முதலில் உறவுச் சொற்களை எழுதுங்கள்: நம் பகுதியில் தந்தையை அத்தா என்கிறோம், கடற்கரை ஊர்களில் வாப்பா என்கின்றனர், எந்த உறவை எந்தச் சொல்லால், எந்த ஊரார் அழைக்கின்றனர் என்று ஒரு பட்டியல் செய்யுங்கள். அடுத்து, வீட்டு மூதாட்டியிடம் அவர் மணம் நடந்த விதத்தைக் கேளுங்கள். அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள், உங்கள் சொல்லால் மெருகிடாதீர்கள். பள்ளிவாசலின் நிக்காஹ் தப்தர் பழுப்பேறிக் கிடக்கிறதே, ஜமாஅத்தாரின் இசைவு பெற்று அதைப் படியுங்கள். எந்த ஊரோடு எந்த ஊர் சம்பந்தம் செய்தது, மஹர் எவ்வளவு எழுதப்பட்டது என்னும் வரலாறு அதற்குள் உறங்குகிறது. பிறகு மாற்றுச் சமயத்து அண்டை வீட்டாரிடம் சென்று, அவர்கள் வழக்கங்களை அவர்கள் வாயாற் கேளுங்கள். மறைவாகச் சொன்னதை மறைவாகவே காத்திடுங்கள். எழுதியதைச் சொன்னவரிடமே படித்துக் காட்டுங்கள். அவர் ‘ஆம், இப்படித்தான்’ என்று தலையசைத்தால் அது தஆருஃப். அவர் முகம் சுருங்கினால், எழுதியதில் தஜஸ்ஸுஸின் வாடை கலந்திருக்கிறது என்று அறிந்து திருத்துங்கள்.

இன்று முஸ்லிமைப் பற்றி அறியாதோர் பேசும் பேச்சு நாட்டில் பெருகிவிட்டது; அதனால் நாம் புண்படுகிறோம். நம்மை எவரும் வந்து கேட்பதில்லையே என்று வருந்துகிறோம். வருத்தம் நியாயமானது. ஆனால் நம்மைக் கேளாமல் பேசுவோர்மீது நாம் சாட்டும் குற்றத்தை, மலைமேலும் அடுத்த தெருவிலும் வாழ்வோர் நம்மீது சாட்டினால் நாம் சொல்லும் மறுமொழி யாது? அறியப்பட விரும்பும் சமுதாயம் முதலில் அறிய முற்பட வேண்டும். ஆண்டுதோறும் ஒரு மூதாட்டியோடு ஒரு நூலகம் மண்ணுள் அடங்குகிறது. எடுத்து எழுத வேண்டிய பிள்ளைகளை நாம்தான் தடுத்து வைத்திருக்கிறோம். தடையை நாமே நீக்குவோமாக. வல்ல அல்லாஹ் நமக்குக் கேட்கும் செவியையும் திரிக்காத எழுதுகோலையும் தந்தருள்வானாக.